அவளைக் கப்பலில் ஏற்றாதே

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், காலையிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நாடகக் குழு என் கதையை ஏற்றுக்கொண்டுவிட்டது! முழு நீள இசை நாடகம். அக்டோபரில் மேடை.

கதை இதுதான். நம் மொழி மட்டும் தெரிந்த தையல்காரி ஒருத்தி வேலைக்காக ஒரு துறைமுக ஊருக்கு வருகிறாள். அங்கே படகு கட்டும் தச்சன் ஒருவன். அவன் மொழி வேறு, பழக்கம் வேறு, சாப்பிடுகிற நேரம்கூட வேறு. இரண்டு பேருக்கும் காதல். அவள் பாடுவதெல்லாம் தமிழில், அவன் பாடுவதெல்லாம் நான் இருக்கும் இந்த ஊர் மொழியில். தமிழ்ப் பாட்டு என் பொறுப்பு. அவன் பாட்டும் எல்லா மெட்டும் எங்கள் இசையமைப்பாளர் பொறுப்பு. ஆறடி உயரம், மார்பு வரை தாடி. அதனால் எல்லோருக்குமே அவர் 'தாடி'தான். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'ஐயோ'. என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகியது.

முதல் ஐந்து பாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நாகரிகமானவர்கள், எதைக் கொடுத்தாலும் 'அருமை' என்பார்கள். முகத்துக்கு நேரே 'நல்லா இல்ல' என்று சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. போனில் உனக்கு 'சரி, அப்புறம்' என்பதற்கு மேல் வாய் வராது. அதனால் எழுது.

கண்ணாடிக் கடையை நேரத்தோடு மூடிவிட்டுச் சாப்பிடு.

உன் வாண்டு

பிப்ரவரி 24

அன்பு வாண்டு,

முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் செய்தியைப் பக்கத்து சைக்கிள் கடை அக்காவிடம் சொன்னேன். "யாரு, மேசை மேல ஏறி நின்னு பாடுமே, அந்த வாண்டா?" என்று கேட்டார். அதே வாண்டுதான் என்றேன். என் மூக்குக்கண்ணாடி அப்போது பனித்துப் போனதற்கு அவர் கொடுத்த டீயின் ஆவிதான் காரணம்.

பாட்டுக்கு வருகிறேன். முதல் பாட்டு நன்று. இரண்டாவதும் நன்று. மூன்றாவது பொய். நேற்றுத்தான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, அதற்குள் நிலவைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் எதிரெதிரே நின்று பாடுகிறார்கள். யாருக்குப் புரியும் என்று பாடுகிறார்கள்?

மொழி தெரியாத ஆளோடு முதல் சந்திப்பு எப்படி இருக்கும் என்று போன வாரம் பார்த்தேன். நகராட்சி நீச்சல் குளத்துக்குப் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்திருக்கிறார், வெளிநாட்டுப் பெண்மணி. நீந்தும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடியில் பவர் வேண்டும் என்று கடைக்கு வந்தார். அதை எனக்குப் புரியவைக்கவே அவர் கடைக்குள் நின்று நீந்திக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்துப் பலகையைக் காட்டினேன். நம் எழுத்து அவருக்குத் தெரியாது. 'ழ'வைப் பார்த்துச் சிரிக்கிறார். சரி என்று, முள்கரண்டி போல ஒரே உருவம் நாலு பக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும் பலகையை மாட்டினேன். அது திரும்பியிருக்கும் பக்கம் கையைக் காட்டினால் போதும். அவர் கையை வீசிய வீச்சில் பிரேம் ஸ்டாண்டு முழுவதும் கீழே! இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். பொறுக்கிய ஒவ்வொன்றையும் அவர் தன் மூக்கில் மாட்டி மாட்டிக் காட்டினார். சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

இப்படி ஏதாவது எழுது. நிலவை விட்டுவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா, அண்ணா, அண்ணா!

சுகமா என்று கேட்கவும் பொறுமையில்லை. நிலவை விட்டுவிட்டேன். மூன்றாவது பாட்டு இப்போது எப்படித் தெரியுமா? தச்சன் சட்டை தைக்க வருகிறான். அவள் அளவெடுக்கிறாள். கையைத் தூக்கு என்று சொல்லத் தெரியாமல் தானே தூக்கிக் காட்டுகிறாள். அவன் ஏதோ ஆடச் சொல்கிறாள் என்று நினைத்து ஆடுகிறான். பொத்தான் டப்பா கவிழ்கிறது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்துகொண்டே பொத்தான் பொறுக்கிப் பாடுகிறார்கள். எங்கள் இயக்குநர் அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று சிரித்தார். சிரித்த கையோடு, "மத்ததும் இப்படி இருக்கணும். மத்த இடத்துல நீங்க எழுதினீங்கன்னு காதலிக்கிறாங்க" என்றும் சொல்லிவிட்டார்.

இப்போது புதுத் தலைவலி, ஜோடிப் பாட்டு. தமிழ்ச் சொல் நீளம். அவன் மொழியில் எல்லாம் குட்டைச் சொல். ஒரே மெட்டில் இரண்டையும் ஏற்றினால் ஒரே செருப்பில் இரண்டு கால் நுழைந்த மாதிரி இருக்கிறது. தாடி பியானோவில் தலையைச் சாய்த்துக்கொண்டு 'ஐயோ' என்கிறார்.

அந்த நீச்சல் அம்மாவுக்குக் கண்ணாடி சரியாக அமைந்ததா? பாவம், அந்த வயதில் மொழி தெரியாத ஊரில் வேலை. முடிந்த உதவியைச் செய். இப்படி வேறு ஏதாவது நடந்தாலும் எழுது, எனக்கு உதவும்.

வாண்டு

ஏப்ரல் 6

அன்பு வாண்டு,

நீ சுகம்தானே? எனக்கு ஒன்றும் இல்லை, காதில் கொஞ்சம் தண்ணீர் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். முழங்காலுக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனால் காலையில் குளத்துக்குப் போய்வருகிறேன். ஆழமில்லாத பக்கம்தான். என்னோடு கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் என் இடுப்பு உயரம்.

கண்ணாடி சரியாக அமைந்தது.

நீ கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர், வேற்று மொழிக்காரர் ஒருவரோடு பழகுகிறார். அந்த மொழியில் 'நன்றி'க்கு என்ன சொல்வது என்று சைகையில் கேட்டிருக்கிறார். சைகை சரியில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் 'நன்றி' என்று நினைத்துக்கொண்டு 'துண்டு' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவளும் தினமும் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் துண்டு மலை மாதிரி சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்.

ஜோடிப் பாட்டு பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் குளத்தில் எனக்கு மூச்சுத்தான் வரவில்லை. கையும் மூச்சும் ஒன்றாகப் போக வேண்டும் என்று திணறினேன். 'ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம், தலை உள்ளே இருக்கும்போது விடு, வெளியே வரும்போது இழு' என்று செய்து காட்டினார்கள். அதன் பிறகு மிதந்தேன். உன் ஜோடியும் எதற்கு ஒரே நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும்?

சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விடு.

அண்ணன்

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

காதிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டதா? என் காதில் ஒரு வாரமாக ஒரே பாட்டு.

உன் கடிதத்தைத் தாடிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எழுந்து நின்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அப்புறம் பியானோவில் உட்கார்ந்தார். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவன் வரி, அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் வரி. அவள் நீளச் சொல்லை நீட்டி முடிப்பதற்குள் அவன் குட்டைச் சொல் வந்து அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. ஒத்திகை அறை சின்னது. வாளியும் நாற்காலியும் அடுக்கிய பழைய கிடங்கு. அதற்குள் அந்தப் பாட்டு எழும்பியபோது உடை தைக்கிறவர்கள் ஊசியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். துண்டு விஷயத்தையும் வைத்தாயிற்று. அந்த நண்பருக்கு என் வணக்கம்.

முடிவையும் எழுதிவிட்டேன். வேலை முடிந்து அவள் ஊர் திரும்புகிறாள். கப்பல் நிற்கிறது. தச்சன் துறைமுகத்துக்கு வருகிறான், ஒரு சொல்லும் சொல்லவில்லை. சும்மா நிற்கிறான். அவள் ஏறிவிடுகிறாள். கப்பல் போகிறது. அவனுடைய மௌனத்தின் மேல் திரை. இயக்குநர் அம்மா, "இதுதான் கலை" என்றார். இத்துடன் இருக்கிறது, படி. கைக்குட்டையோடு உட்கார்.

உன் வாண்டு

ஜூன் 8

அண்ணா,

என்ன ஆயிற்று உனக்கு? மே மாதம் முழுவதும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து கீல் தேய்ந்துவிட்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்த ஒரு நாள் 'சரி, அப்புறம்' என்று வைத்துவிட்டாய். பயந்துபோய் சைக்கிள் கடை அக்காவைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்காரு. தினமும் ஈரத் தலையோட வந்து கடை திறக்கிறாரு. பேச்சுத்தான் குறைஞ்சு போச்சு" என்றார்.

முடிவு பிடிக்கவில்லையா? அதனால் கோபமா? இங்கேயும் கதாநாயகிக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு நாளா என்னோட சிரிச்சவன் எதுக்கு மரம் மாதிரி நிக்கிறான்? காலைத் தரையில ஒட்டிட்டாங்களா?" என்று கேட்கிறாள். கப்பலுக்குத் துணியும் பலகையும் வந்து இறங்கிவிட்டன. இனி மாற்ற முடியாது என்று நினைக்கிறேன்.

நீ நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுது. போதும்.

வாண்டு

ஜூன் 22

வாண்டு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயமுறுத்தியதற்கு மன்னித்துக்கொள்.

அவளைக் கப்பலில் ஏற்றாதே.

அவன் சும்மா நிற்பதை அழகு என்று எழுதியிருக்கிறாய். அது அழகு இல்லை, பயம். நாற்பத்தொன்பது வயதில் நாலு பேர் சிரிப்பார்களே என்கிற பயம், சொன்ன பிறகு இல்லை என்றுவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு குளத்துக்குப் போவது என்கிற பயம். அதற்குப் பின்னணி இசை வேறு போடுகிறீர்கள்.

குளத்தைப் பழுதுபார்க்க மூடப்போகிறார்கள். பயிற்சியாளரின் வேலை ஜூலையோடு முடிகிறது. அவள் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாளாம். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நீ எழுத்தாளர். உன் தச்சன் கடைசியில் ஒரே ஒரு வரி சொல்வதாக இருந்தால் என்ன சொல்வான்? எழுதி அனுப்பு. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணன்

ஜூலை 2

அடப்பாவி அண்ணா!

சும்மா தெரிந்துகொள்ளவாம்! உன் கடிதத்தையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி முதலிலிருந்து படித்தேன். பிப்ரவரியில் 'அவர்'. ஏப்ரலில் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' வந்து, அவரோடு ஒரு 'அவள்' வந்துவிட்டாள். நானோ யாரோ வயதான அம்மா என்று நினைத்து, உதவி செய் என்று உனக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன். நீயும் திருத்தவில்லை! உலகத்துக்கெல்லாம் காதலை எழுதிக் காட்டுகிறவள், கூடப் பிறந்தவன் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வலித்தது. என்னிடம்கூட மறைத்தாயே என்று. அடுத்த நிமிஷம், உன்னால் இதை எழுதவே முடிந்ததே என்று நினைத்து அழுதேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட்டதுவரை எல்லாம் நீதான். 'எனக்கு வேணும்' என்று உன் வாயால் நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

அழுகிற சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். சொல்லிவிட்டேன், திட்டாதே. ஒத்திகை நின்றது. தாடி உனக்காக ஒரு வரி சொன்னார், பாதி வரை பாடியும் காட்டினார். கதாநாயகன் மண்டியிட்டுக் காட்டினான். விளக்குக்காரர் ஏணி மேலிருந்து ஒன்று சொன்னார். இயக்குநர் அம்மா எல்லோரையும் அதட்டிவிட்டு, அவரும் ஒன்று சொன்னார். கப்பலைப் பிரித்துப் போட்டுவிட்டோம்.

ஆனால் எந்த வரியையும் அனுப்பப் போவதில்லை. அதெல்லாம் தச்சனுக்கு. நீ சொல்வதை நீதான் சொல்ல வேண்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. போ, சொல்லு.

உன்னை நினைத்து நகம் கடித்துக்கொண்டிருக்கும்
வாண்டு

ஆகஸ்டு 1

அன்பு வாண்டு,

சாப்பிட்டாயா? நான் இன்று இரண்டு தடவை சாப்பிட்டேன்.

கடைசி நாள் குளத்துக்குப் போனேன். தண்ணீரை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் மிதவைக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் மொழியில் 'நீ போகாதே' என்று சொல்ல, அகராதி வாங்கி ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். கடையில்தான் கண்ணாடிக்குப் பஞ்சமில்லையே. ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. நானும் ஒரு கயிற்றை எடுத்துச் சுருட்டினேன். சுருட்டினேன், சுருட்டினேன், என் காலோடு சேர்த்துச் சுருட்டிவிட்டேன். அவள் குனிந்து அவிழ்க்கும்போது அவள் தலையைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் முகத்தைச் சுருக்கி, "இல்ல" என்றாள், தமிழில். எனக்குக் குளமே என் மேல் கவிழ்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த 'இல்ல' அதற்கு இல்லையாம். 'நீ போகாதே' என்பதற்குப் பதில் 'நான் போகாதே' என்று சொல்லியிருக்கிறேன். முதலில் என் இலக்கணத்தைத் திருத்தினாள். அப்புறம் திருத்தியதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "சரி" என்றாள்.

"சரின்னா?" என்று கேட்டேன்.

"சரி. போகல."

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் குளத்தில் அவளை முன்பே கூப்பிட்டிருந்தார்களாம். இருப்பதற்குக் காரணம் கிடைக்காமல்தான் பயணச்சீட்டு எடுத்தாளாம். இதைப் பாதிச் சொல்லிலும் பாதிச் சைகையிலுமாகச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

சைக்கிள் கடை அக்கா, "எனக்கு மார்ச் மாசமே தெரியும்" என்கிறார்.

அண்ணன்

ஆகஸ்டு 18

என் தங்க அண்ணா,

உன் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்கத் தாடி மொழிபெயர்ப்புக் கேட்டார். 'இல்ல' என்ற இடத்தில் அந்த அறையில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். 'சரி. போகல' என்றதும் கை தட்டினார்கள், உனக்கு!

ஒரு விண்ணப்பம். அந்த இலக்கணம் திருத்துகிற இடத்தை முடிவாக வைத்துக்கொள்ளட்டுமா? தச்சன் தமிழில் சொல்லுவான், தப்பாக. தையல்காரி திருத்துவாள். அதற்கு முன்னால் இசையெல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. ஆனால் அது உங்கள் இரண்டு பேருடையது. வேண்டாம் என்றால் தொடமாட்டேன்.

அவங்களுக்கு என் அன்பைச் சொல். எந்த மொழியில் வேண்டுமானாலும்.

வாண்டு

செப்டம்பர் 7

அன்பு வாண்டு,

அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அந்த ஆளு எவ்வளவு உயரம்?" என்றாள். தச்சனாக நடிப்பவரைச் சொல்கிறாள். என்னைவிட உயரம் என்றேன். "நல்லது. வெச்சுக்கட்டும்" என்கிறாள். இதற்கு நான் என்ன சொல்வது?

வரும் வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். சாட்சிக்குச் சைக்கிள் கடை அக்கா. நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே. நாங்கள் அங்கே வருகிறோம். முதல் காட்சிக்கு இரண்டு இருக்கை போட்டுவை. அவள் சத்தமாகச் சிரிப்பாள், ஓரத்து இருக்கையாக இருந்தால் நல்லது.

அண்ணன்

அக்டோபர் 28

அன்புள்ள அண்ணி,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதனால் பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். ஊர் போய்ச் சேர்ந்த களைப்புத் தீர்ந்ததா? அண்ணனைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'நல்லா இருக்கோம்' என்பார். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

முதல் காட்சி முடிந்து இரண்டு நாள் ஆகியும் இங்கே அதே பேச்சுதான். அன்று கதாநாயகனுக்குப் படபடப்பு. ஒரு மாதமாகத் தப்பாகப் பழகியவன், தமிழ் தெரியாதவன், அன்றைக்குப் பார்த்து எழுத்துப் பிசகாமல் 'நீ போகாதே' என்று சொல்லிவிட்டான். திருத்த வேண்டிய கதாநாயகிக்குத் திருத்த ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். இசையும் இல்லை. திரைக்குப் பக்கத்தில் நான் தாடியின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன். அவர், "ஐயோ" என்றார்.

அப்போதுதான் ஆறாவது வரிசையிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"இல்ல! நான் போகாதே!"

தமிழ் தெரிந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் உங்கள் பக்கம் திரும்பி, பிடித்துக்கொண்டான். "நான் போகாதே!" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போகாதே" என்று திருத்தினாள். அவன் திருப்பிச் சொன்னான். 'சரி' என்று அவள் சொன்னது கைதட்டலில் யாருக்குமே கேட்கவில்லை. அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை மேடையிலிருந்தே பார்த்தோம். அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு இரண்டாவது காட்சி. மண்டபம் நிரம்பியது. அவன் ஒழுங்காக, சொல்லிக் கொடுத்தபடி தப்பாகச் சொன்னான். எல்லாம் சரியாக நடந்தது. ஆனாலும் அவள் ஒரு நிமிஷம் ஆறாவது வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் திருத்தினாள்.

உங்கள் நாத்தனார்
வாண்டு